ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல்போன சிஎஸ்எஸ்

எங்கள் வீட்டில் மூன்று பேர் எழுதுகிறோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு போய்வந்த கோயில்களைப் பற்றி டைரி டைரியாக எழுதி வைத்திருக்கிறார். அம்மாவிடம் சமையல் குறிப்புகள். நான் தியாகராய நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மார்கழி வந்துவிட்டால் சாயங்காலம் சபா சபாவாக ஏறி இறங்கி, கேட்ட கச்சேரிகளைக் குறித்து வைப்பேன். மூன்றையும் ஒரே தளத்தில் போடலாம் என்று, இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஆரம்பித்தோம். அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. மூன்று பகுதிக்கும் தனித்தனித் தோற்றம் வேண்டும் என்று இறங்கிய பிறகுதான் பணமும் தூக்கமும் போயின. நிறம், எழுத்தளவு என்று பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கட்டளைகளுக்குத்தான் சிஎஸ்எஸ் என்று பெயர். இந்த வேலையில் எங்கெங்கே கால் வழுக்கும் என்று தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அப்போது தேடினேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தனித் தோற்றம் கேட்டது ஜிகினாவுக்காக இல்லை. அம்மாவின் குறிப்பைப் படிப்பவர்கள் கையில் மாவோடு நிற்பார்கள், ஃபோன் மேடைமேல் எதிலாவது சாய்ந்திருக்கும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், சாமான் பட்டியல் தனிக் கட்டத்துக்குள் வர வேண்டும். அப்பாவின் கட்டுரைகள் நீளமானவை. வரியின் அகலம் குறைவாகவும் வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாகவும் இருந்தால்தான் வயதானவர்கள் கடைசிவரை படிப்பார்கள். என் குறிப்புகளில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று அட்டவணை வரும். ஃபோன் திரையில் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகர வேண்டும், பக்கம் முழுக்க நகரக்கூடாது. மூன்றும் மூன்று தேவை. ஒரே சட்டையை மூவருக்கும் போட முடியாது.

தெரிந்தவர் மூலம் ஒரு தம்பி கிடைத்தார். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் இந்த மாதிரி வெளிவேலை. 18,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். வேலை அருமையாகத்தான் இருந்தது. சமையலுக்கு மஞ்சள், கோயிலுக்குச் செங்கல் நிறம், கச்சேரிக்குக் கரும்பச்சை. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் ஃபோனைக் காட்டினாள். மீதிப் பணத்தைக் கொடுக்கும்போது, "இதெல்லாம் எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டேன். "தீம் ஃபைலுக்குள்ளேயே போட்டுட்டேன் சார், நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்" என்றார். நானும் தொடவில்லை.

மார்கழி நடுவில், தளத்துக்கு ஆள் அதிகம் வரும் நேரத்தில், ஒருநாள் காலையில் அம்மா ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாள். "என்னடா இது, என் பக்கம் யாரோட பக்கம் மாதிரியோ இருக்கு?" மஞ்சள் இல்லை, கட்டம் இல்லை. மூன்று பகுதியும் வெள்ளைப் பின்னணியில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நின்றன. கட்டுரைகள் அப்படியே இருந்தன, ஒரு எழுத்து குறையவில்லை. தோற்றம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். தம்பியைக் கூப்பிட்டால், "தீம் அப்டேட் ஆகியிருக்கும் சார். மறுபடி போடணும், 12,000 ஆகும்" என்றார். பழைய பிரதி? பழைய லேப்டாப்போடு போய்விட்டதாம். ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அலுவலகத்தில் எந்தக் கணக்கையும் என்னால் பார்க்க முடியவில்லை. கோபம் ஒரு பக்கம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ரிச்சி தெருவுக்குப் போனால் எந்த ஓட்டை கம்ப்யூட்டரையும் சரிசெய்ய ஆள் இருக்கிறார், இதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது?

நடந்தது இதுதான். வேர்ட்பிரஸில் தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும், சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டர். அதைச் செய்தவர்கள் வெளியிடும் புதுப் பதிப்பை ஏற்றும்போது வேர்ட்பிரஸ் பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. உள்ளே நாம் எழுதிய வரிகளும் பழையதோடு சேர்ந்து போய்விடும். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தீம்கள் தாமாகவே அப்டேட் ஆகும் வசதியும் இருக்கிறது. தம்பி அதையும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. இதற்காக அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அது ஆபத்து, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அந்த அப்டேட்டுகள்தான்.

அப்டேட் தொடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'கூடுதல் சிஎஸ்எஸ்' என்ற பெட்டி. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. அங்கே எழுதுவது தீம் ஃபோல்டருக்குப் போகாமல் டேட்டாபேஸில் உட்காரும், தீம் அப்டேட் ஆனாலும் இருக்கும். ஆனால் அது அந்தந்தத் தீமோடு கட்டப்பட்டது. தீமை மாற்றினால் பெட்டி காலியாகத் தெரியும், பழைய தீமுக்குத் திரும்பினால் திரும்ப வரும். இது தெரியாமல் ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்று, சைல்டு தீம். தனியாக ஒரு சின்ன ஃபோல்டர், அதில் சிஎஸ்எஸ் எழுத ஒரு ஸ்டைல் ஃபைல், தளம் என்ன செய்ய வேண்டும் என்று எழுத ஒரு ஃபங்ஷன்ஸ் ஃபைல். ஸ்டைல் ஃபைலின் தலைப்பில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டால் போதும், மீதியெல்லாம் தாயிடமிருந்து வந்துவிடும். தாய்க்கு எத்தனை அப்டேட் வந்தாலும் பிள்ளையின் ஃபோல்டரை யாரும் தொடமாட்டார்கள். பத்து இருபது வரி மாற்றம் என்றால் பெட்டி போதும். பகுதிவாரியாகத் தோற்றம் மாற்ற வேண்டுமென்றால் சைல்டு தீம்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சைல்டு தீமுக்கு மாறும் அன்று மெனு, கூடுதல் சிஎஸ்எஸ், லோகோ எல்லாம் சில சமயம் கழன்றுகொள்ளும். முன்பே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

12,000 மறுபடி கொடுக்க மனசு வரவில்லை. தொலைந்ததில் எதையாவது மீட்க முடியுமா என்று பார்த்தேன். தளத்தை வைத்திருக்க நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மலிவு ஹோஸ்டிங்கில் பேக்அப் கிடையாது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் எங்கள் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். பழைய பக்கம் ஒன்று சேமிப்பில் இருந்தது, அதோடு ஸ்டைல் ஃபைலும். வேலை பாதி முடிந்திருந்த காலத்துப் பிரதி. இருந்தாலும் நிறங்களும் கட்டத்தின் அளவுகளும் கிடைத்தன. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் அங்கே தேடிப் பாருங்கள், செலவில்லை.

அப்புறம் ராத்திரிகளில் நானே உட்கார்ந்தேன். முதலில் கற்றுக்கொண்டது எஃப்12 பொத்தான். கம்ப்யூட்டரில் குரோம் திறந்து, பக்கத்தில் எந்த இடத்தின் மேலாவது வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால், அந்த இடத்துக்கு என்னென்ன கட்டளைகள் வந்திருக்கின்றன என்று வலப்பக்கம் வரிசையாகத் தெரியும். அடிபட்டுப்போன கட்டளைகள் குறுக்கே கோடு போட்டு நிற்கும். நான் போட்ட மஞ்சள் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கோட்டுக்கடியில் அந்த மஞ்சள் கிடப்பதைப் பார்த்தேன். அதற்கு மேலே தீமின் கட்டளை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு துண்டுக்கு வைக்கும் பெயர் ஐடி, பல துண்டுகளுக்குப் பொதுவாக வைக்கும் பெயர் கிளாஸ், பத்தி, தலைப்பு என்று துண்டின் வகையைச் சொல்வது டேக். கணக்கு இப்படி: ஐடியைச் சொல்லி இட்ட கட்டளைக்குப் பலம் அதிகம், அதற்கு அடுத்தது கிளாஸ், அதற்கும் கீழே வெறும் டேக். பலம் சமமாக இருந்தால் கடைசியாக வந்தது ஜெயிக்கும். அதனால் சைல்டு தீமின் ஃபைல் தாயின் ஃபைலுக்குப் பிறகு ஏற வேண்டும். ஃபங்ஷன்ஸ் ஃபைலில் அதைச் சேர்க்கும்போது தாயின் ஃபைலைச் சார்ந்தது என்று குறிப்பிடவேண்டும். பலரும் இதற்குக் குறுக்கு வழியாக, மற்றக் கட்டளைகளை மீறச் சொல்லும் 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். மீட்ட பழைய ஃபைலில் வரிக்கு வரி அதுதான் இருந்தது. ஒன்றை அடக்க ஒன்று, அதை அடக்க இன்னொன்று என்று போய், கடைசியில் ஃபோனுக்கு எழுத்தளவை மாற்ற நினைத்தால் எதுவும் அசையாது.

இனி, பகுதிவாரியாகப் பிரிப்பது. பக்கம் முழுவதையும் உள்ளடக்கும் பாடி டேக்கில், ஒவ்வொரு பக்கத்திலும், வேர்ட்பிரஸ் சில கிளாஸ் பெயர்களைத் தானாகவே போடுகிறது. சமையல் பகுதியின் பட்டியல் பக்கம் என்றால் 'கேட்டகரி' என்று தொடங்கும் பெயர் அதில் இருக்கும். அதைப் பிடித்து மஞ்சள் அடித்தேன், பட்டியல் பக்கம் மஞ்சளானது. சந்தோஷமாக ஒரு குறிப்பைத் திறந்தால் உள்ளே வெள்ளை! பாடி டேக்கில் அந்தப் பெயர் வருவது பட்டியல் பக்கத்தில் மட்டும்தான். தனிக் கட்டுரையில் பாடிக்கு அது வராது, உள்ளே ஆர்ட்டிகிள் டேக்கில் மட்டும் வரும். கட்டுரையைச் சுற்றியிருக்கும் தலைப்புப் பட்டை, பக்கப் பட்டை எல்லாம் ஆர்ட்டிகிளுக்கு வெளியே இருப்பதால் அவை மாறாது. இதற்குச் செய்ய வேண்டியது, தனிக் கட்டுரையாக இருந்தால் அதன் பகுதிப் பெயரையும் பாடியில் சேர் என்று ஃபங்ஷன்ஸ் ஃபைலில் நாலைந்து வரி எழுதுவது. 'பாடி கிளாஸ் ஃபில்டர்' என்று தேடினால் கிடைக்கும். இந்த ஒரு இடத்தில்தான் என் நேரம் அதிகமாகக் கரைந்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு பள்ளமும் உண்டு. பகுதிக்குத் தமிழிலேயே பெயர் வைத்து, இணைப்பில் வரும் முகவரிப் பெயரையும் தமிழிலேயே விட்டிருந்தால், வேர்ட்பிரஸ் உள்ளுக்குள் அதைச் சதவீதக் குறிகளாக மாற்றி வைக்கிறது. கிளாஸ் பெயர் போடும்போது அந்தக் குறிகளைக் கழித்துவிடுகிறது. மிச்சம் ஒன்றும் இல்லாததால் பகுதியின் எண்ணைப் போட்டுவிடுகிறது. 'சமையல்' என்று கிளாஸ் தேடினால் சாகும்வரை தேட வேண்டியதுதான். அங்கே 'கேட்டகரி' என்பதை அடுத்து வெறும் எண்தான் இருக்கும். எண்ணை வைத்தும் எழுதலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து எந்த எண் எந்தப் பகுதி என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? பகுதியின் பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரிப் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் சின்னதாக வையுங்கள். தளம் தொடங்கும் அன்றே செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் பகுதிப் பக்கத்தின் பழைய இணைப்பு உடையும்.

இரண்டு பகுதிகளில் இருக்கும் கட்டுரை இன்னொரு வம்பு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பற்றி அப்பா எழுதியிருந்தார், அடியில் அம்மா செய்முறை சேர்த்திருந்தாள். கோயில், சமையல் இரண்டிலும் டிக் செய்திருந்தோம். தலைப்பு செங்கல் நிறத்திலும் பின்னணி மஞ்சளிலுமாக, ஒரு பக்கத்துக்கு இரண்டு எஜமானர்கள். இருவரும் சளைக்கவில்லை: "இது என் கட்டுரை" என்று அப்பா, "பொங்கல் யார் பண்ணினது?" என்று அம்மா. முதன்மைப் பகுதி எதுவோ அதன் பெயரை மட்டுமே பாடியில் சேர்க்கும்படி அந்த நாலு வரியை மாற்றினேன். பொங்கல் கோயிலுக்குப் போனது. இதேபோல, சமையலுக்குக் கீழே 'சிற்றுண்டி' என்று உட்பகுதி வைத்து அதில் மட்டும் டிக் செய்தால், "இந்தக் கட்டுரை சமையலில் இருக்கிறதா?" என்று கேட்கும்போது வேர்ட்பிரஸ் இல்லை என்றுதான் சொல்லும். தாய்ப் பகுதியிலும் டிக் செய்ய வேண்டும், அல்லது உட்பகுதிகளையும் சேர்த்துக் கேட்கும்படி எழுத வேண்டும்.

மூன்று பகுதிக்கும் மூன்று முழு ஸ்டைல் ஃபைல் எழுதத்தான் ஆரம்பித்தேன். வேண்டவே வேண்டாம். பொத்தானின் ஓரத்தைக் கொஞ்சம் வளைக்க நினைத்தால் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்றில் விட்டுப்போகும். இப்போது ஒரே அடிப்படை ஃபைல். அதில் முக்கிய நிறம், பின்னணி, எழுத்தளவு, வரி இடைவெளி, பத்தி அகலம் ஆகியவற்றை சிஎஸ்எஸ் வேரியபிள்களாக, அதாவது ஒரே இடத்தில் மதிப்பை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் பெயர்களாக வைத்திருக்கிறேன். பகுதிக்குப் பகுதி அந்த ஐந்தின் மதிப்புகள் மட்டும் மாறும். சமையலில் மட்டும் வரும் சாமான் கட்டம், கச்சேரியில் மட்டும் வரும் அட்டவணை இரண்டுக்கும் தனியாகச் சின்ன ஃபைல்கள். அவை அந்தந்தப் பகுதியில் மட்டும் ஏறும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து போடாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே மாறுபாடு 4.5-க்கு 1-ஆவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. குரோமின் இன்ஸ்பெக்டில் எழுத்தின் நிறக் கட்டத்தைச் சொடுக்கினால் அந்த விகிதத்தையே காட்டிவிடும்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் அந்தத் தம்பி ஆங்கிலத் தளத்துக்குச் செய்வதையே செய்திருந்தார். தலைப்புக்கு பிளேஃபேர் டிஸ்ப்ளே. அழகான எழுத்துரு, ஆனால் அதில் தமிழே கிடையாது. ஃபோன் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும், ஃபோனுக்கு ஃபோன் தலைப்பு வேறுவேறாகத் தெரியும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பவனம் என்று நிறைய இருக்கின்றன, எல்லாம் இலவசம். அப்பா பகுதிக்கு நோட்டோ செரிஃப், மற்ற இரண்டுக்கும் முக்த மலர் வைத்தேன். நம் எழுத்தில் மேலே புள்ளி, கீழே சுழி எல்லாம் உண்டு. ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நெருக்கியடிக்கும். 1.7, 1.8 என்று வைத்தால் மூச்சு விடலாம். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது தனியாக இல்லாததால், பிரவுசர் நேர் எழுத்தையே இழுத்துச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்காது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் கட்டளையையும் தூக்கிவிடுங்கள், தமிழ்ச் சொல் பிய்ந்து தெரியும். இருபுறமும் சமமாக வெட்டுவது அச்சில் பழகிய அழகுதான். ஃபோன் திரையில் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். கூடவே, திரையைத் தாண்டும் சொல்லை உடைத்துக் கீழே இறக்கும் கட்டளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்த பிறகும் அப்பா, "ஒண்ணும் மாறலையேப்பா" என்றார். என் திரையில் செங்கல் நிறம் ஜொலிக்கிறது, அவர் ஃபோனில் வெள்ளை. காரணம் கேஷ். ஃபோன் பழைய ஸ்டைல் ஃபைலையே கையில் வைத்திருக்கிறது, தளத்தில் இருக்கும் கேஷ் பிளக்இன் இன்னொரு பழைய பிரதியை வைத்திருக்கிறது. மாற்றம் செய்தால் முதலில் பிளக்இன் கேஷைக் காலி செய்து, பிறகு இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள். படிப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேஷைத் துடைக்கச் சொல்ல முடியாது, அதனால் ஸ்டைல் ஃபைலைச் சேர்க்கும் வரியில் பதிப்பு எண்ணைக் கொடுத்து, மாற்றும்போதெல்லாம் எண்ணைக் கூட்டுங்கள். அந்த எண் ஃபைலின் முகவரியோடு ஒட்டிக்கொள்வதால், முகவரி மாறியது என்று ஃபோன் புதிய ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இது தெரிவதற்குள் நன்றாக இருந்த கட்டளைகளை வேலை செய்யவில்லை என்று நினைத்து எத்தனையோ முறை அழித்து எழுதியிருக்கிறேன்.

அச்சுக்கென்று தனி ஸ்டைல் எழுதலாம் என்பது நங்கநல்லூரிலிருந்து ஒரு மாமி அம்மாவுக்கு ஃபோன் செய்தபோதுதான் உறைத்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் முதல் பக்கம் முழுக்க மெனுவும் படமும், சாமான் பட்டியல் அடுத்த பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்டு வருகிறதாம். 'மீடியா பிரிண்ட்' என்ற பிரிவில் மெனு, பக்கப் பட்டை, கருத்துப் பெட்டி மூன்றையும் மறைத்து, சாமான் கட்டம் நடுவில் உடையக்கூடாது என்று ஒரு வரி போட்டேன். குறிப்பு ஒரே தாளில் அடங்கிவிட்டது. மொத்த வேலையில் அம்மாவுக்கு நேரடியாகப் பாராட்டு வாங்கித் தந்தது இந்தச் சின்ன வேலைதான்.

கணக்கு பார்த்தால், தம்பிக்குக் கொடுத்த 18,000 போனது போனதுதான். அதற்குமேல் பேக்அப் உள்ள ஹோஸ்டிங்குக்கு மாறிய செலவு, ஒரு மார்கழியின் பாதி ராத்திரிகள், போகாமல் விட்ட சில கச்சேரிகள். நீங்கள் ஆள் வைத்துச் செய்வதில் தப்பே இல்லை, எல்லோரும் எஃப்12 அழுத்திக்கொண்டு உட்கார வேண்டிய தலைவிதி இல்லை. பேசும்போதே சைல்டு தீமில்தான் செய்ய வேண்டும் என்று வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரை ஜிப் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் அன்று, பேக்அப் எடுத்துக்கொண்டு, தாய்த் தீமின் ஜிப் ஃபைலை அவர் எதிரிலேயே மறுபடி ஏற்றி, ஏற்கெனவே இருப்பதை மாற்றவா என்று வேர்ட்பிரஸ் கேட்கும்போது ஆமாம் கொடுங்கள். ஒரு நிமிஷ வேலை. கேஷைக் காலி செய்து பாருங்கள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் அப்புறம் ஜிபே திறக்கலாம்.